கூப்பிட்டது அரசு, கைவிடுவதும் அரசா?



கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு இறந்துபோன இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறார்கள். 2022 நவம்பரில் ஒன்றிய அரசு தாக்கல் செய்த பதிலைப் பார்த்தீங்களா? ஊசி போட்டுக்கிட்டது அவரவர் விருப்பமாம். அரசு பொறுப்பாக முடியாதாம். இழப்பீடு வேணும்னா சிவில் கோர்ட்டுக்குப் போகலாமாம்.

விருப்பமா? 2021 டிசம்பரில் மதுரையில் ஊசி போடாதவங்க ஹோட்டலுக்கும் வணிக வளாகத்துக்கும் வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்களே, மறந்துட்டோமா? (அது மாநில நிர்வாகம் போட்டது. அதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.)

ஒன்றைத் தெளிவா சொல்லிடறோம். தடுப்பூசி கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. கடுமையான பாதிப்பு மிக மிக அரிது. ஆனா அரிதுன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தமில்லை. ஆஸ்ட்ராஜெனெகா ஊசியால் மிக அரிதாக ரத்த உறைவு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே சொன்னது. அந்த ஊசிதான் இங்கே கோவிஷீல்டு.

சிவில் கோர்ட்டில் என்ன நடக்கும்? யாரோ கவனக்குறைவா இருந்தாங்கன்னு நிரூபிக்கணும். ஆனா இதில் மருந்தும் சரியா இருக்கும், நர்ஸும் சரியா போட்டிருப்பாங்க, அப்படியும் ஒரு உயிர் போயிருக்கும். யார் மேல கேஸ் போடுறது? மருந்து பற்றிய ஆவணமெல்லாம் கம்பெனிகிட்டயும் அரசுகிட்டயும் இருக்கு. பிள்ளையைப் பறிகொடுத்தவங்க கையில் இருக்கிறது ஒரு இறப்புச் சான்றிதழ்.

அதனாலதான் பிரிட்டன் 1979-லேயே தனிச் சட்டம் போட்டது. யார் தவறுன்னு நிரூபிக்க வேண்டாம். ஊசியால்தான் பாதிப்புன்னு ஏற்கப்பட்டா 1,20,000 பவுண்டு. 60 சதவீத ஊனம் இருக்கணும்கிற நிபந்தனை கொடுமைதான், ஆனாலும் ஒரு வழி இருக்கு. பணத்துக்கு எங்கே போறதுன்னு கேட்கிறவங்க அமெரிக்காவைப் பாருங்க: குழந்தைகளுக்கான தடுப்பூசிகளில் நோய் ஒன்றுக்கு, டோஸுக்கு 75 சென்ட் வரி. அந்த நிதியிலிருந்துதான் இழப்பீடு.

நம்ம நாட்டிலேயே, மருந்துப் பரிசோதனையில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர 2019 விதிகள் இருக்கு. பரிசோதனைக்கு வந்தவருக்கு உண்டு, அரசு கூப்பிட்டு வரிசையில் நின்னவருக்குக் கிடையாது!

இழப்பீட்டுக்கு வழிகாட்டு நெறிமுறை வகுக்கச் சொல்லி கேரள உயர் நீதிமன்றம் 2022-லேயே உத்தரவிட்டது. அதைச் செய்யுங்க என்பதுதான் நம்ம கோரிக்கை.

உங்க பகுதியில் இப்படி ஒரு குடும்பம் இருந்தா, தடுப்பூசிச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் பத்திரமா வைக்கச் சொல்லுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுத்துப்பூர்வமா மனு கொடுத்து நகல் வாங்கச் சொல்லுங்க. வாட்ஸ்அப் வதந்திகளை மட்டும் கமெண்ட்டில் போடாதீங்க, அந்தக் குடும்பங்களோட வழக்கைத்தான் அது கெடுக்கும்.