எட்டுச் சேவலில் எதை வைத்துக்கொள்வது?

திருப்பூரில் 18 வருடம் பனியன் கம்பெனி வேலை. போதும் என்று மனைவி, மகளோடு தாராபுரம் பக்கம் இருக்கும் அப்பா காலத்துத் தோட்டத்துக்கே வந்துவிட்டார் அவர். வந்த முதல் மாதமே சந்தையில் 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினார். ஒரு மாதக் குஞ்சுகள். காலையில் திறந்துவிட்டால் தானே மேயும், சாயங்காலம் தானே வந்து அடையும், தீவனச் செலவு கிடையாது. இதுதான் அவர் போட்ட கணக்கு.

கணக்கில் பாதி சரி. மேய்கிற கோழி புல் நுனி, பூச்சி, கறையான், சாணத்தில் நெளியும் புழு, களத்தில் சிந்திய கம்பு, சோளம் என்று தன் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். ஆனாலும் காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை தானியம் போட வேண்டும். அது வயிற்றுக்காக மட்டுமல்ல. 'பா... பா...' என்ற குரலுக்கு இரை உண்டு என்று பழகிய கோழிதான் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரும்.

இது தெரியாததால் அவருடைய குஞ்சுகள் முருங்கை மரத்தில் அடையப் பழகிக்கொண்டன. இரண்டைப் பகலில் நாய் பிடித்தது. மூன்று ஒரே வாரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயின. "கீரிதான்" என்றார் அவர். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா சிரித்தார்.

"ராத்திரில கீரி எங்க கண்ணு வருது? அது பகல்ல திரியற சீவன். இது மரநாயி வேலை."

ஆத்தா சொன்னது சரி. கீரி பகலில்தான் இரை தேடும். ராத்திரி நடக்கும் களவுக்கு மரநாயோ காட்டுப்பூனையோதான் பெரும்பாலும் காரணம். விஷம் வைக்கலாமா என்று அவர் கேட்டதற்கு ஆத்தா முறைத்த முறைப்பு நியாயமானது. அது வளர்ப்பு நாயையும் கொல்லும், சட்டப்படி குற்றமும்கூட. செய்ய வேண்டியது வேறு. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கூடு, அதற்குச் சிறு கண் வலை. வேலிக்குப் போடும் பெரிய கண் வலை வேண்டாம். மரநாய் அதற்குள் கைவிட்டே இழுத்துவிடும். பொழுது சாய்ந்ததும் எண்ணிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும், நன்றாக விடிந்த பிறகுதான் திறக்க வேண்டும். எண்ணுகிற வேலையை ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் எடுத்துக்கொண்டாள்.

மிச்சம் 15. ஐந்து மாதம் ஆனதும்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது. கூட்டத்தில் எட்டுச் சேவல், ஏழு பெட்டை.

குஞ்சாக வாங்கினால் பாதிக்குப் பாதி சேவலாகத்தான் இருக்கும். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. முதலில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். நான்கு மணிக்கே ஒன்று ஆரம்பிக்க, மற்றவை தொடர, அலாரமே தேவைப்படவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேவல் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் கூவுவதில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை மாறாத மங்கல் ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை உடம்புக்குள் இருக்கும் கடிகாரப்படி நேரத்துக்குக் கூவின. 2013-ல் அதை வெளியிட்டார்கள். கூட்டத்தில் மூத்த அதிகாரம் உள்ள சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்னால் கூவும் என்று 2015-ல் இன்னொரு ஆய்வில் சொன்னார்கள். இந்த வீட்டில் முதல் குரல் கறுப்பனுடையது. மகள் மடியில் வைத்துத் தீனி ஊட்டி வளர்த்த சேவல்.

சில வாரங்களில் பெட்டைகளின் முதுகில் இறகு கொட்டித் தோல் தெரிந்தது. ஒரு வெடக்கோழி பகல் முழுவதும் முள்வேலிக்கு அடியிலேயே பதுங்கிக் கிடந்தது. இரை எடுக்கக்கூட வெளியே வரவில்லை. நோய் என்று நினைத்து அதற்கு மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுத்துப் பார்த்தார்கள்.

"ஏந் தம்பி, ஏழு பொட்டைக்கு எட்டுச் சேவலா? அதுக எப்படிப் பொழைக்கும்?" என்றார் ஆத்தா.

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முட்டைக்கு மட்டும் என்றால் அந்த ஒன்றுகூடத் தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது, அவ்வளவுதான். சேவல் கூடக் கூடப் பெட்டைக்கு ஓய்வில்லை, சேவல்களுக்குள் ரத்தம் சிந்தும் சண்டை. புதிதாக வளர்ப்பவர்கள் பருந்தையும் நாயையும் கண்டு பயப்படுவார்கள், இதைக் கவனிக்க மாட்டார்கள்.

சரி, எட்டில் எதை வைத்துக்கொள்வது? அவர் கண் நெடுநெடுவென்று நின்ற செவலையின் மேல். மகளுக்குக் கறுப்பன்தான். மனைவி கறுப்பன் பெயரைக் கேட்டதுமே வேண்டாம் என்றார். முந்தின வாரம்தான் வாசலில் கூட்டிக்கொண்டிருந்த மகள்மேல் அது பாய்ந்து, கெண்டைக்காலில் முள்ளால் கீறியிருந்தது. அவள் அதை அப்பாவிடம் மறைத்திருந்தாள்.

கையில் வளர்ந்த சேவலிடம் இந்த வம்பு அதிகம். மனிதர்மேல் பயம் விட்டுப்போனதால் ஆளையும் இன்னொரு சேவலாக நினைத்து மோத வரும். பெரியவர்களுக்குக் காலில் படும் முள், சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தில் படும்.

"பெருசைப் பார்த்து வெக்காதே தம்பி. ரெண்டு நாளைக்கு உக்காந்து பாரு. எது தான் திங்காமப் பொட்டையைக் கூப்பிடுதோ, அதை வெச்சுக்க" என்றார் ஆத்தா.

அப்பாவும் மகளும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்கள். செவலை, போட்ட கம்பை எல்லாம் தானே முழுங்கியது. கறுப்பன் மற்ற சேவல்களைத் துரத்துவதிலேயே பொழுதைக் கழித்தது. ஓரமாக மேய்ந்த புள்ளிச் சேவல் ஒன்று ஒரு புழுவைக் கொத்தி எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, 'கொக் கொக் கொக்' என்றது. இரண்டு பெட்டைகள் ஓடிவந்தன. பருந்து வட்டமிட்டபோது முதலில் தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்ததும் அதுதான். அது கொடுத்த குரலுக்குப் பெட்டைகள் எல்லாம் புதருக்குள் ஒண்டின. மாலையில் நாய் வந்தபோது கொடுத்த குரல் வேறு மாதிரி இருந்தது. மகள்தான் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தாள். ஆகாயத்து எதிரிக்கு ஒரு குரல், தரையில் வருவதற்கு வேறு குரல் என்று ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்திலும் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

புள்ளி நின்றது. ஆறு சேவல்களில் ஒன்று குழம்பானது. அன்று மகள் தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டாள். ஐந்து சந்தைக்குப் போயின. கறுப்பனை, சேவலை நாய்க்குப் பறிகொடுத்த, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாத ஒருவர் வாங்கிப் போனார். அதை ஓலைக்கூடையில் வைத்துக் கட்டியதும் அவள்தான்.

சந்தையில் செவலை மட்டும் விலைபோகாமல் திரும்பி வந்தது. அதைக் கூட்டத்தில் விடப்போனவரை ஆத்தா தடுத்தார். "ஊசி போட்டியா?" என்று கேட்டார். போடவில்லை. வெள்ளைக்கழிச்சல் ஊர் ஊராகப் பரவுவதே இப்படிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் கோழிகளால்தான். ராணிக்கேத் என்ற மலையூரின் பெயர் பெற்ற அந்த நோய் வந்தால், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, ஒரு வாரத்தில் கூடே காலியாகும். வந்த பிறகு மருந்து இல்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரம் மறுபடி, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி, இதுதான் காப்பு. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போடுவார்கள். கால்நடை பராமரிப்புத் துறை கிராமங்களில் இலவச முகாமும் நடத்துகிறது. செவலை இரண்டு வாரம் தோட்டத்தின் மறுகோடியில் பஞ்சாரத்துக்குள் தனியாக இருந்தது, பிறகு அடுத்த சந்தைக்குப் போனது. மற்றவற்றுக்கு அந்த வாரமே ஊசி.

அடை வைக்க அவசரப்பட வேண்டாம் என்றும் ஆத்தா சொல்லியிருந்தார். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரம் வரைகூடத் தங்கும். புள்ளியின் குஞ்சுதான் வேண்டும் என்றால் மூன்று வாரம் கழித்து இடும் முட்டையைச் சேர்க்க வேண்டும்.

அதற்குள் முதுகுகளில் இறகு குருத்துவிட்டது. வேலிக்கடியில் கிடந்த வெடக்கோழிதான் முதலில் அடைக்கு உட்கார்ந்தது. 11 முட்டை, 21 நாள், 9 குஞ்சு. மகள் இப்போது ராத்திரி எண்ணுகிற கணக்கில் அவையும் சேர்ந்துவிட்டன. அதில் எத்தனை சேவல் என்று தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆகும்.