பார்சிலோனாவில் மதியச் சாப்பாடு என்ன விலை?

பார்சிலோனாவில் வெளியே சாப்பிட எவ்வளவு ஆகும்? ஊர் சுற்றப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஆனால் இதற்கு ஒரே பதில் கிடையாது. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு உட்காருகிறோம் என்பதைப் பொறுத்து பில் ஏறும், இறங்கும்.

லா ராம்ப்லா வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் பளபளவென்று பயேயா சோற்றின் படம், பக்கத்தில் பெரிய கோப்பையில் சங்ரியா. படத்தைப் பார்த்து உட்காருகிறவர் விலைப்பட்டியலை முழுதாகப் படிப்பதில்லை. வெளியே போட்ட மேசை என்றால் சில கடைகளில் தனிக் கட்டணம், ரொட்டிக்குத் தனிக் காசு. பட்டியலில் முன்பே எழுதி வைத்திருந்தால் சட்டப்படி அதில் தவறில்லை! குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-இல் ஸ்பெயினில் சட்டமே வந்துவிட்டது. அது தெரியாத பயணி பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்.

அதே ஊரில் நாலு தெரு தள்ளி உள்ளே போனால் கதை வேறு. கடை வாசலில் கரும்பலகை. அதில் சாக்பீஸால் 'மெனு தெல் தியா', அதாவது அன்றைய சாப்பாடு. முதலில் ஒரு சூப்போ சாலடோ, அடுத்து மீனோ கறியோ, கூடவே ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ. எல்லாம் சேர்த்து ஒரே விலை. பெரும்பாலும் 12 முதல் 16 யூரோவுக்குள் முடிந்துவிடும். வேலை நாட்களில் மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைதான் கிடைக்கும். வியாழக்கிழமை என்றால் பல கடைகளில் பயேயாவும் உண்டு.

இந்தச் சாப்பாடு பிறந்த கதைதான் வேடிக்கை. 1960-களில், ஃபிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில், மனுவேல் ஃபிராகா சுற்றுலா அமைச்சராக இருந்தபோது, உணவகங்கள் 'சுற்றுலா மெனு' ஒன்று வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. வெளிநாட்டுப் பயணி பயமில்லாமல் சாப்பிட ஒரு நிலையான விலை வேண்டும் என்பது நோக்கம். பயணிக்காக வந்த அந்த ஏற்பாட்டைப் பிறகு உள்ளூர் உழைப்பாளி தனதாக்கிக்கொண்டார். கட்டடத் தொழிலாளி, வங்கி ஊழியர், ஆசிரியர் எல்லோரும் ஒரே கடையில் ஒரே சாப்பாடு சாப்பிடும் வழக்கம் அப்படித்தான் வேர்விட்டது.

இன்று அந்த வழக்கத்துக்குத்தான் ஆபத்து. 2025-இல் ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,184 யூரோ (வருடத்துக்கு 14 தவணை). 14 யூரோ சாப்பாட்டை மாதம் இருபது நாள் சாப்பிட்டால் 280 யூரோ. சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கு! வீட்டு வாடகை கொடுத்த பிறகு இது எப்படிக் கட்டுப்படியாகும்? டப்பாவில் வீட்டுச் சாப்பாடுதான் கதி.

கடைக்காரர் மீது பழி போடுவது சுலபம். அவருக்கும் வாடகை, எண்ணெய், மின்சாரம் எல்லாம் ஏறியிருக்கிறது. தினமும் வரும் வாடிக்கையாளர் இருந்தால் குறைந்த லாபத்தில் சமாளிப்பார். அக்கம்பக்கத்து வீடுகள் பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறி, குடியிருந்தவர்கள் வேறு பேட்டைக்குப் போய்விட்டால் அவர் யாருக்குச் சமைப்பது? கரும்பலகையை எடுத்துவிட்டுப் படம் போட்ட பட்டியலை மாட்டுகிறார்.

2024 ஜூலையில் நடந்த ஊர்வலத்தில் சிலர், உணவக மேசைகளில் இருந்த பயணிகள் மீது நீர்த்துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். கோபம் நியாயமானது, ஆனால் குறி தப்பு. சாப்பிட உட்கார்ந்தவர் வாடகையை ஏற்றவில்லை. அதற்கு முந்தைய மாதம் மேயர் ஜாவுமே கொல்போனி அறிவித்தது சரியான இடத்தைத் தொடுகிறது. சுமார் 10,000 சுற்றுலா அடுக்குமாடி வீடுகளின் உரிமத்தை 2028-க்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்பது அந்த அறிவிப்பு. வீடு திரும்பக் கிடைத்தால் ஆள் திரும்புவார், ஆள் திரும்பினால் கரும்பலகைக்கும் வேலை இருக்கும். அதை நகராட்சி உறுதியாக நிறைவேற்ற வேண்டும்.

பயணிக்கும் ஒரு வேலை உண்டு. படம் இல்லாத கடையாகப் பார்த்து, மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போய் 'மெனு' என்று கேட்கலாம். அவர் பையில் காசு மிஞ்சும். அந்தக் கடையும் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கும்.