முகம் பொருந்தினால்தான் சத்துமாவு: மாற்றத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களின் இடம் எது?

புது தில்லி: அங்கன்வாடி மையங்களில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மூன்று வயதுக்கு உள்பட்ட குழந்தைகள் ஆகியோருக்காக வழங்கப்படும் ஊட்டச்சத்து உணவுப் பொருள்களை வீட்டுக்குப் பெற்றுச் செல்ல, முக அடையாளச் சரிபார்ப்பு 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் 'போஷன் டிராக்கர்' செயலியில் பயனாளியின் ஆதார் விவரங்கள் முதலில் சரிபார்க்கப்பட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு விநியோகத்தின்போதும் அவரது முகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, பதிவில் உள்ள படத்துடன் அது பொருந்துகிறதா எனப் பார்க்க வேண்டும். இந்தப் பணி நாடு முழுவதும் சுமார் 13 லட்சம் அங்கன்வாடிப் பணியாளர்களின் தலையில் விழுந்துள்ளது.

போலிப் பயனாளிகளைக் களைவதும், உணவு உரியவரையே சென்றடைவதை உறுதி செய்வதும் அரசு கூறும் நோக்கங்கள். எட்டுக் கோடிக்கும் அதிகமானோர் பதிவு பெற்றுள்ள திட்டத்தில் இந்த அக்கறை தவறு என்று எவரும் கூற முடியாது. பணியாளர் சங்கங்களும் நோக்கத்தை எதிர்க்கவில்லை. நடைமுறையை வகுத்தவர்கள் அதைச் செயல்படுத்துவோரிடம் ஏன் முன்கூட்டியே கேட்கவில்லை என்பதே அவற்றின் கேள்வி.

கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பதில்கள் எளிமையானவை. பல கிராமப்புறக் குடும்பங்களில் ஆதாருடன் இணைக்கப்பட்ட கைப்பேசி எண் கணவருடையது. அவர் வேலைக்காக வேறு மாநிலத்தில் இருந்தால், ஒருமுறை கடவுச்சொல் அங்குதான் செல்லும். அவர் தொலைபேசியை எடுக்கும்வரை மையத்தில் மனைவி காத்திருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு எடுக்கப்பட்ட ஆதார் படத்துக்கும் நிறைமாதக் கர்ப்பிணியின் முகத்துக்கும் வேறுபாடு இருக்கும். பிரசவத்துக்காகப் பெண் தாய்வீடு செல்வது இந்தியா முழுவதும் உள்ள வழக்கம். குழந்தை பிறந்த வீட்டிலிருந்து தாயே நேரில் வர இயலாதபோது மாமியாரோ நாத்தனாரோ வந்து பொருளை வாங்கிச் செல்வதும் வழக்கம். இவற்றை அறிய ஆய்வுக் குழு எதுவும் தேவையில்லை. ஒரு மையத்தில் ஒரு விநியோக நாள் அமர்ந்திருந்தாலே போதும்.

முகம் பொருந்தவில்லை என்று கைப்பேசித் திரை அறிவிக்கும்போது, அதைப் பயனாளியிடம் சொல்ல வேண்டியவர் பணியாளர்தான். அவர் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்தவர். எதிரில் நிற்பவர் அண்டை வீட்டுப் பெண்ணாக இருப்பார். செயலியை வடிவமைத்தவர்களை அந்தப் பெண் ஒருபோதும் சந்திக்கப் போவதில்லை. கோபம் முழுவதும் பணியாளர் மீதே திரும்பும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஊட்டச்சத்து உணவைக் கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டபூர்வ உரிமையாக்கியுள்ளது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். சட்டம் அளித்த உரிமையை மறுக்கும் சொல்லை உச்சரிக்கும் பொறுப்பு, மாத மதிப்பூதியம் பெறும் ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் முன்வைத்த கருத்து இங்குப் பொருந்தும். மக்களை நேரில் சந்திக்கும் கடைநிலை ஊழியர்கள் அன்றாடம் எடுக்கும் சிறு முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கையாகின்றன என்றார் அவர். யாருக்கு எதை, எந்தச் சூழ்நிலையில் வழங்குவது என்பதில் அங்கன்வாடிப் பணியாளருக்கு இருந்த அந்தச் சிறிய இடத்தைத்தான் புதிய முறை எடுத்துக்கொள்கிறது. தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு அந்த இடத்தில் இருந்தது உண்மையே. உடல்நலமற்ற தாயின் வீட்டுக்குத் தானே பொருளைக் கொண்டு சேர்க்கும் வாய்ப்பும் அதே இடத்தில்தான் இருந்தது.

பணியாளர்களைக் கலந்தாலோசிக்காமல் மாற்றம் வருவது இது முதல்முறை அல்ல. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம், அரை நூற்றாண்டில் பல வடிவங்களை எடுத்துள்ளது. 2018 மார்ச் 8-ஆம் தேதி ராஜஸ்தானின் ஜுன்ஜுனூவில் தொடங்கப்பட்ட ஊட்டச்சத்து இயக்கத்துடன் கைப்பேசிப் பதிவு முறை பரவலானது. காகிதப் பதிவேடுகளின் சுமையை அது குறைக்கும் என்று கூறப்பட்டது. பணியாளர்கள் அந்த மென்பொருளுக்குப் பழகிய நிலையில் அது கைவிடப்பட்டு, 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிரப் பணியாளர்கள், அரசு வழங்கிய கைப்பேசிகளைத் திரும்ப ஒப்படைக்கும் போராட்டத்தில் இறங்கினர். கைப்பேசிகள் பழுதாகின்றன, நினைவகம் போதவில்லை, செயலியில் விவரங்களை மராத்தியில் பதிவு செய்ய முடியவில்லை என்பவை அவர்களது புகார்கள். விவகாரம் மும்பை உயர்நீதிமன்றம் வரை சென்றது. மராத்தி வழியில் படித்த பெண்கள், மராத்தி பேசும் தாய்மார்களின் விவரங்களை ஆங்கிலத்தில் உள்ளிட வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போருக்கு இது சிறிய குறைபாடாகத் தோன்றாது. குழந்தையின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஆதாருடன் அது பொருந்தாது. பொருந்தாத பெயர், கணக்கில் இல்லாத குழந்தை. பிற்பாடு செயலி பல இந்திய மொழிகளில் கிடைக்கத் தொடங்கியது. களத்தில் இருந்து எழுந்த எதிர்ப்பு செயலியை மேம்படுத்தும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதற்கு ஒரு போராட்டமும் ஒரு வழக்கும் தேவைப்பட்டன.

இந்த நிலைக்கு அடிப்படையான காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை, பணியாளரின் தகுதிநிலையில் உள்ளது. அரசு ஆவணங்களில் அவர் 'கௌரவப் பணியாளர்'. அவர் பெறுவது ஊதியம் அல்ல, மதிப்பூதியம். மத்திய அரசு நிர்ணயித்த தொகை 2018 அக்டோபர் முதல் பணியாளருக்கு மாதம் ரூ.4,500, உதவியாளருக்கு ரூ.2,250. மாநிலங்கள் தத்தம் பங்காகக் கூடுதல் தொகை வழங்குகின்றன. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என 2013-இல் நடைபெற்ற 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என 2022 ஏப்ரல் 25-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முரண்பாடு என்னவெனில், வேலைநிறுத்தம் என்று வரும்போது மட்டும் அவர்களது பணி இன்றியமையாததாகிவிடுகிறது. ஆந்திரத்தில் 2023 டிசம்பரில் தொடங்கிய அங்கன்வாடி ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது, 2024 ஜனவரியில் மாநில அரசு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைப் பயன்படுத்தியது. பணியை நிறுத்த முடியாத அளவுக்கு முக்கியமானவர், அந்தப் பணியின் நடைமுறை மாற்றப்படும்போது கருத்துக் கேட்கப்படும் அளவுக்கு முக்கியமானவர் அல்ல.

மாற்று வழிக்கு முன்னுதாரணம் உண்டு. உலக வங்கி உதவியுடன் 1980-இல் தமிழகத்தில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராம ஊட்டச்சத்துப் பணியாளரின் கடமைகள் திட்டமிட்டே சிலவாகச் சுருக்கப்பட்டன. குழந்தைகளின் எடையை மாதந்தோறும் பார்த்தல், எடை கூடாத குழந்தைக்குக் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு வழங்குதல் ஆகியவை அவற்றில் முதன்மையானவை. எடை அட்டையில் உள்ள கோடு எங்கே செல்கிறது என்பதைத் தாயிடம் காட்டி விளக்கவும், யாருக்கு உணவு தேவை எனத் தீர்மானிக்கவும் அந்தத் தகவல் முதலில் பணியாளருக்கே பயன்பட்டது. இன்றைய செயலியில் தகவலின் முதன்மைப் பயணம் மேல்நோக்கியது. மையத்திலிருந்து மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் அது செல்லும் வேகத்தில், களத்தின் சிக்கல் கொள்கை வகுப்போரிடம் செல்வதில்லை.

அதற்கான பாதை புதிதாகப் போடப்பட வேண்டியதும் அல்ல. ஏறத்தாழ 25 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற அமைப்பும், அவர் கூட்டும் மாதாந்திரக் கூட்டங்களும் ஏற்கெனவே உள்ளன. அறிவுறுத்தல்களை ஒப்பிக்கும் இடமாக இருக்கும் அக்கூட்டங்களில், புதிய நடைமுறை பற்றிய புகார்களை எழுத்தில் பெற்று, குறிப்பிட்ட நாள்களுக்குள் பதிலளிக்க வைக்கலாம். முகம் பொருந்தாத நிலையில், காரணத்தைப் பதிவு செய்து உணவை வழங்கும் அதிகாரத்தைப் பணியாளருக்கு அளிக்கலாம். முறைகேடு நடந்தால் அந்தப் பதிவே தணிக்கைக்கு உதவும்.

போஷன் 2.0 திட்டம் 15-ஆவது நிதிக்குழுவின் 2021-26 காலகட்டத்தையொட்டி வகுக்கப்பட்டது. 2026 மார்ச்சுக்குப் பிந்தைய காலத்துக்கான நெறிமுறைகளை வகுக்கும் அமர்வுகளில் அமைச்சக அதிகாரிகளும் தொழில்நுட்ப ஆலோசகர்களும் இருப்பார்கள். பணியாளர் சங்கங்களுக்கும் அங்கு ஓர் இருக்கை ஒதுக்கப்படுமா என்பதற்கு, அடுத்த செயலி மாற்றம் வரும் வரை காத்திருக்காமலேயே அமைச்சகம் விடையளிக்க முடியும்.