முன்சாய்ந்த இடுப்பு

"நெஞ்சை நிமிர்த்தி நில்" என்பது பாடசாலைகளிலும் வீடுகளிலும் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கும் கட்டளை. ஆயினும், நிற்கும் முறை நெஞ்சிலே தொடங்குவதன்று, இடுப்பிலே தொடங்குவது. இடுப்பின் சாய்வை அறியாது நெஞ்சை மாத்திரம் முன்தள்ளச் செய்தால், முதுகின் கீழ்ப்பகுதி மேலும் உள்வளையும். வயிறும் மேலும் முன்வந்து தோன்றும். நன்மை கருதிச் சொன்ன சொல் வேறு பயனைத் தந்துவிடும். ஆகவே இவ்வாரம் இடுப்பின் முன்சாய்வைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

சாய்வு என்பது யாது?

இடுப்புக்கூட்டுக்கு மேனாட்டு வைத்தியர் வழங்கும் 'பெல்விஸ்' என்னும் பெயர், இலத்தீன் மொழியில் அகன்ற பாத்திரத்தைக் குறிப்பது. பொருத்தமான பெயரே. தண்ணீர் நிறைந்த பாத்திரம் ஒன்று இடுப்பின் இடத்தில் இருப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். அதன் முன்விளிம்பு தாழ்ந்து பின்விளிம்பு உயர்ந்தால் தண்ணீர் முன்புறமாகச் சிந்தும். அந்நிலையே முன்சாய்வு. முள்ளந்தண்டு அப்பாத்திரத்தின் மீது ஊன்றி நிற்பதாகையால், உடல் முன்னே விழாதிருக்கும் பொருட்டு முதுகின் கீழ்ப்பகுதி உள்நோக்கி வளைகின்றது. வயிறு முன்வர, பிட்டம் பின்தள்ளி நிற்கின்றது.

இவ்விடத்தில் தாய்மார் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மெலிந்த தேகமுடைய பெண்பிள்ளை, தன் வயிறு சற்று முன்வந்திருப்பதைக் கண்ணாடியிற் கண்டு, கொழுப்பு மிகுந்துவிட்டதென அஞ்சிக் காலையுணவைத் தவிர்ப்பதுண்டு. வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வந்து சோர்ந்திருக்கும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். பட்டினியால் இடுப்பின் சாய்வு மாறுவதில்லை. வளரும் பருவத்திலே உணவைக் குறைத்தால் நலிவுறுவன இரத்தமும் எலும்புமேயாம். அப்பிள்ளை கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று, பிட்டத்தை மெல்ல இறுக்கி, வாலெலும்பைக் கீழ்நோக்கிச் செலுத்திப் பார்க்கட்டும். வயிறு அப்பொழுதே உட்சென்றால், அது உணவின் குற்றமன்று. நிற்கும் நிலையின் விளைவு என்பது அவளுக்கே விளங்கும்.

நான்கு தசைத்தொகுதிகள்

இடுப்புக்கூட்டைப் பற்றியிருக்கும் தசைகள் கூடாரத்தைத் தாங்கும் கயிறுகள் போன்றவை. ஒருபுறக் கயிறு இறுகி, எதிர்ப்புறக் கயிறு தளர்ந்தால் கூடாரம் சாயும். செக் நாட்டு வைத்தியர் விளாதிமிர் யாண்டா (1928–2002) இதனை விரிவாக ஆராய்ந்தார். இளமையில் இளம்பிள்ளைவாத நோயால் தாக்குண்டவர் அவர். தசைகளின் இயக்கத்தை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். தொடையை மேலே தூக்கும் முன்தசைகளும் கீழ்முதுகின் தசைகளும் இறுக, வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் வலுக்குன்றும் நிலையை அவர் எடுத்துக்காட்டினார். இறுகியவற்றை ஒரு கோட்டாலும் தளர்ந்தவற்றை மற்றொரு கோட்டாலும் இணைத்தால் பெருக்கற்குறி போன்ற உருவம் அமையும்.

கந்தோரிலோ வகுப்பறையிலோ நெடுநேரம் கதிரையில் அமர்ந்திருப்போருக்குத் தொடையின் முன்தசைகள் சுருங்கிய நிலையிலேயே இருக்கின்றன. பிட்டத் தசைகளுக்கோ வேலையில்லை. தசைகளின் இந்நிலைக்கு இவ்வழக்கமும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது.

முன்தசை இறுகியுள்ளதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. கட்டிலின் ஓரத்தில் கால்கள் வெளியே தொங்கும்படி மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்க. மற்றைத் தொடை கட்டிலிற் படியாது மேலெழுந்து நின்றால், அப்பக்கத்து முன்தசை இறுகியிருத்தல் கூடும். 19ஆம் நூற்றாண்டில் லிவர்ப்பூல் நகரில் எலும்பு வைத்தியம் செய்த ஹியூ ஓவன் தோமஸ், இடுப்பு மூட்டு நோயைக் கண்டறியக் கையாண்ட சோதனையிலிருந்து பிறந்தது இது.

அஞ்சுதல் வேண்டா

முன்சாய்வு என்றவுடன் நோய் என்று கருதிவிடலாகாது. 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்விலே, நோவு ஏதுமில்லாத 120 பேரின் இடுப்பு அளக்கப்பட்டது. ஆண்களில் 85 வீதத்தினருக்கும் பெண்களில் 75 வீதத்தினருக்கும் முன்சாய்வு இருக்கக் காணப்பட்டது. சிறிதளவு சாய்வு மனித உடலின் இயல்பே என்பது இதனாற் புலனாகின்றது. நடைபயிலும் குழந்தைக்கு வயிறு முன்வந்திருப்பதும், கருவுற்ற தாய்க்கு முதுகு வளைவதும் இயற்கையே. எலும்பின் அமைப்பும் ஆளுக்காள் வேறுபடும். அதனைத் தேகாப்பியாசம் மாற்றாது. எனவே கண்ணாடியை நீதிபதியாக்குதல் தகாது. குனியவும் நடக்கவும் நெடுநேரம் நிற்கவும் இடர் உண்டா என்பதே கேட்கத்தக்க வினா.

செய்யத்தக்கவை

இறுக்கமோ முதுகுச் சோர்வோ உடையவர்கள் பின்வரும் மூன்றையும் நாள்தோறும் செய்து வரலாம்.

முதலாவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்து, பாதங்களை நிலத்தில் ஊன்றிக்கொள்க. வயிற்றை மெல்ல இறுக்கி, கீழ்முதுகு பாயில் படியும்படி அழுத்துக. 5 விநாடி நின்று தளர்த்துக. 10 தடவை போதும். மூச்சை அடக்கலாகாது.

இரண்டாவது, அவ்வாறே படுத்து, குதிகால்களை ஊன்றி, தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு இடுப்பை உயர்த்துக. பிட்டத் தசைகளே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்; முதுகை வில்லாக வளைத்தல் தவறு. இதுவும் 10 தடவை.

மூன்றாவது, ஒரு முழங்காலை மெத்தென்ற துணிமேல் ஊன்றி, மற்றைக் காலை முன்னே வைத்து நில்லுங்கள். முதலிற் பிட்டத்தை இறுக்கி வாலெலும்பைக் கீழ்நோக்கிச் செலுத்துக. அதன் பின்னரே உடலை மெல்ல முன்னகர்த்துக. ஊன்றிய காலின் தொடையில் இழுப்புத் தெரியும். 30 விநாடி நின்று கால் மாற்றுக. இடுப்பைத் திருத்தாது முன்சாய்ந்தால் முதுகே வளையும், தசை நீளாது.

இவற்றோடு, அரைமணிக்கு ஒருதரம் கதிரையை விட்டெழுந்து சிறிது நடத்தல் நன்று. பயன் சில வாரங்களில் மெல்ல மெல்லவே தெரியும். காலில் விறைப்போ வலுவிழப்போ, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் நோவோ, காய்ச்சலோடு கூடிய முதுகுவலியோ இருப்பின், பயிற்சியை நிறுத்தி வைத்தியரை நாடுக. சிறுநீரை அடக்க இயலாமை கண்டால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

பிள்ளைகளின் நிலையைத் திருத்த விரும்பும் பெற்றோர், அதட்டுவதை விடுத்து, மாலையிற் பத்து நிமிடம் அவர்களோடு தாமும் பாய்விரித்து இப்பயிற்சிகளைச் செய்வார்களாயின் இரு தலைமுறைக்கும் நலமுண்டாகும். அதற்கு முன்பு, பிள்ளை வயிறார உண்டதா என்பதையும் கேட்டறிவது கடன்.