வீட்டுத் தொட்டியில் திருக்கை: ‘கூடுமா’ என்பதோடு கேள்வி முடிவதில்லை



வீட்டில் மீன் வளர்ப்பது கூடுமா என்று மதரஸாவுக்கு வரும் பெற்றோர் கேட்பதுண்டு. கூடும் என்பதே விடை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறுவராக இருந்தபோது ஒரு சிறு பறவையை வைத்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரைத் தடுக்கவில்லை. அப்பறவையைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. பிராணி வளர்ப்புக்கு அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் காட்டுவர்.

ஆனால், ‘கூடும்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் கடைக்கு விரைந்துவிடுகிறோம். கப்பியும் தங்கமீனும் இருந்த வீடுகளில் இன்று நன்னீர்த் திருக்கையைப் பற்றிய ஆசை எழுந்துள்ளது. அதனை வாங்கும் முன்பு நாம் சிந்திக்க வேண்டியவை பல உள்ளன.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களுக்குத் திருக்கை புதிதன்று. ஆயினும் தொட்டிகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ, பரானா ஆறுகளைச் சேர்ந்த இனங்கள். கரிய உடலில் வெண்புள்ளிகள் கொண்ட லியோபோல்டி இனம் பிரேசிலின் சிங்கு ஆற்றுக்குரியது. கண்கள் மேலே, வாய் அடியில், மணலில் புதைந்திருக்கும்போதும் மூச்சுவிட ஏதுவாகக் கண்ணுக்குப் பின்னால் துளைகள் எனப் படைத்தவனின் வல்லமையை எண்ண வைக்கும் உயிர் அது. அழகில் குறையில்லை. அந்த அழகுக்குரிய இடத்தை நம்மால் தர இயலுமா என்பதே வினா.

கடையில் உள்ளங்கை அளவில் இருக்கும் மோட்டோரோ திருக்கையின் உடல் மட்டுமே வளர்ந்தபின் ஒன்றரை அடி அகலத்தை எட்டும், வால் தனி. தொட்டியின் அளவுக்குத் தக்கபடியே மீன் வளரும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அது உண்மையன்று. இடம் போதாத மீன் நோயுற்று நலியும். ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ 1,000 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டும் ஒரு டன். வாடகை வீட்டின் மாடித் தளம் இதனைத் தாங்குமா?

திருக்கை நிறையத் தின்று நிறையக் கழிவிடும். கழிவிலிருந்து எழும் அம்மோனியா அதற்கு நஞ்சு. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகப் பல வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் விடுவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். குளோரின் கலந்த குழாய்நீரும், மற்ற மீன்களுக்கு இடப்படும் செம்பு கலந்த மருந்தும் அதற்கு ஆகா. மின்வெட்டு நீண்டால் நீரில் உயிர்வளி குன்றும். இவ்வுயிர் பத்தாண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது. கேட்டு அடம்பிடித்த பிள்ளை கல்லூரிக்குச் சென்றபின், வாரந்தோறும் நீர் மாற்றும் சுமை தாயின் தலையில் விழும்.

வாலில் நஞ்சுள்ள முள் இருப்பதையும் மறத்தலாகாது. அது உதிர்ந்தாலும் மீண்டும் முளைக்கும். தொட்டிக்குள் கைவிடும் சிறுவர் இருக்கும் வீட்டுக்கு இது ஏற்றதன்று. குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவு சூடான நீரில் அவ்விடத்தை அமிழ்த்தி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டமும் உண்டு. லியோபோல்டி உள்ளிட்ட ஏழு திருக்கை இனங்கள் 2022ஆம் ஆண்டு பனாமாவில் கூடிய சைட்டீஸ் மாநாட்டில் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அப்பட்டியல்களிலுள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று நம் நாட்டின் வனவிலங்குச் சட்டம் கூறுகிறது. நாட்டுச் சட்டத்தைப் பேணுவதும் நம் கடமையே.

வளர்த்து இயலாமற்போனால் ஏரியில் விட்டுவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. சிங்கப்பூரின் அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் மோட்டோரோ திருக்கைகள் இனப்பெருக்கம் செய்து நிலைத்துவிட்டன. மனிதர் கொண்டுவராமல் தென் அமெரிக்க மீன் அங்கே வந்திருக்க வழியில்லை. நாம் இரக்கம் என்று கருதிச் செய்வது அந்நீரில் வாழும் மற்ற உயிர்களுக்குத் தீங்காக முடியும்.

“திருக்கையைக் குழம்பு வைத்து உண்கிறோமே, தொட்டியில் வைத்தால் மட்டும் என்ன குற்றம்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரைதேட விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். பூனையை வைத்திருந்தது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. அதன் வழியையெல்லாம் அடைத்துவிட்டு, அதற்குரியதைத் தராமல் விட்டதே குற்றம். உணவுக்காகப் பிடிப்பதற்கு மார்க்கம் அனுமதி தந்துள்ளது. அத்துடன் அம்மீனின் துன்பமும் முடிகிறது. தொட்டியில் அடைக்கப்பட்ட மீனோ ஒவ்வொரு நாளும் நம் கையை எதிர்பார்த்து இருக்கிறது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.

ஆகவே, இடமும் பொருளும் பொறுமையும் உள்ளவர் முறைப்படி வளர்த்தால் அதனை நாம் குறைகூற மாட்டோம். நம்மில் பெரும்பாலோர் அந்நிலையில் இல்லை. பிள்ளைகளின் ஆசைக்கு ஒரு சிறு தொட்டியும் நான்கைந்து கப்பிகளும் போதும். அவற்றுக்கு நேரம் தவறாமல் இரையிட்டு, நீர் மாற்றப் பிள்ளையையே பழக்குங்கள். ஓர் உயிரின் ஹக்கை நிறைவேற்ற அவன் அங்கே கற்றுக்கொள்வான், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.