தாத்தா காலத்து .32 பிஸ்டலுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

தேர்தல் தேதி அறிவிச்சதும் நம்ம ஊர் காவல் நிலையங்களில் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வருவார்கள். பெரும்பாலும் நீளமான இரட்டைக் குழல் துப்பாக்கிகள். நடுவில் எப்போதாவது ஒரு குட்டி பிஸ்டலும் வரும். தாத்தா காலத்து பெல்ஜியம் அல்லது ஜெர்மனி தயாரிப்பு. பார்க்கப் பழசு, விலை பேசினால் லட்சங்களில் போகும்.

ஏன்? அழகும் ஒரு காரணம்தான். அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் உருவாக்கிய .32 தோட்டா, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தின் 1900 மாடல் பிஸ்டலோடு பிரபலமானது. அடுத்து கோல்ட் 1903, பிறகு 1929-ல் வால்தர் பிபி. இந்தத் தோட்டாவுக்கு விசை குறைவு. அதனால் பெரிய பிஸ்டல்களில் இருக்கும் பூட்டு அமைப்பு இதற்குத் தேவையில்லை. மேலே நகரும் ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் போதும். ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். பாகங்கள் குறைவு என்பதால் பிஸ்டலும் தட்டையாக, கோட் பாக்கெட்டில் அடங்குற மாதிரி ஆயிடுச்சு. 1962-ல் வந்த 'டாக்டர் நோ' படத்தில் ஜேம்ஸ் பாண்டுக்குத் தரப்படும் வால்தர் பிபிகே இந்தக் குடும்பம்தான்.

ஆனால் பாண்ட் மோகம் மட்டும் விலையை இவ்வளவு தூரம் ஏற்றாது. உண்மையான காரணம் நம்ம சட்டம்.

ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற ரகங்கள் இந்தியாவில் 'தடை செய்யப்பட்ட' வகை. சாதாரண ஆளுக்கு உரிமம் கிடைப்பது அபூர்வம். கைத்துப்பாக்கி வேணும்னா பெரும்பாலும் .32 தான். அடுத்த முடிச்சு, இறக்குமதி. 1980-களின் மத்தியில் தனிநபர் இறக்குமதிக்குத் தடை வந்தது. துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. அதற்கு முன்பு உள்ளே வந்த வெளிநாட்டு பிஸ்டல்களே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் .32 பிஸ்டலும் தோட்டாவும் தயாரிக்கின்றன. இருந்தும் 'ஃபாரின் சரக்கு' மவுசு குறையல. பழைய அம்பாசடர் விற்காத ஊரில் பழைய வால்தர் விற்பது இப்படித்தான்!

வாங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: இவை 50, 80 வருஷத்துப் பொருள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஒரிஜினல் உதிரிபாகம் லேசில் கிடைக்காது. அலமாரியில் வைத்துப் பார்க்க லட்சங்கள் கொடுப்பது அவரவர் விருப்பம். பாதுகாப்புக்கு நம்பி வாங்குவது வேறு விஷயம்.

சிக்கல் அதிகம் வருவது வாங்குபவருக்கு அல்ல, வாரிசுக்கு. தாத்தா இறந்ததும் பிஸ்டல் பீரோவிலேயே கிடக்கும். அவர் பெயரில் இருந்த உரிமம் பேரனுக்குச் செல்லாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி சிறைத் தண்டனை வரை போகலாம். அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அதன் பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2016 ஆயுத விதிகளில் இன்னொரு வழியும் இருக்கு. உரிமதாரருக்கு 70 வயதாகிவிட்டாலோ, 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்க முடியும்.