ஸ்டிக்கருக்கு முன் சுவர்
வினைல் ஸ்டிக்கர் ஒரே மாதத்தில் ஓரம் சுருண்டால் பசையைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை சுவரில்தான். உரிந்ததன் பின்பக்கத்தைப் பாருங்கள்: பசைமேல் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். டிஸ்டம்பர், சுண்ணாம்புச் சுவர்களில் பசை பிடிப்பது அந்தப் பொடியைத்தான். அந்தப் பூச்சைச் சுரண்டி, பிரைமர் அடித்து, எமல்ஷன் பூசாமல் ஸ்டிக்கர் வாங்கவே வேண்டாம். பூசிய கையோடும் ஒட்டக் கூடாது. எமல்ஷன் சில மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறதே என்று கேட்கலாம். காய்வது மேற்பரப்பு மட்டுமே. உள்ளீரம் வெளியேறிப் படலம் இறுக மூன்று, நான்கு வாரமாகும், மழைக்காலத்தில் இன்னும் கூடும். அதற்குள் ஒட்டினால் ஸ்டிக்கர் உப்பும், உரிக்கையில் பெயின்டும் சேர்ந்தே வரும். புதுமனைப் புகுவிழா நெருங்குகிறது என்பது நியாயமான அவசரம்தான். ஆனால் குழந்தையின் அறைச் சுவர் ஒரு மாதம் வெறுமையாக இருப்பதால் நஷ்டமில்லை. மறுபடி பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதில்தான் செலவு.